காய்ச்சல் வராத நாட்கள்

அன்றைக்கு அல்பேர்ட்டுக்குக் காய்ச்சல் வரவில்லை.

ஊசி போட்டது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம். வழக்கமென்றால் வெயில் சாய்கிற நேரம் பார்த்து அது வரும். முதலில் விரல் நுனி குளிரும், பிறகு இடுப்பில் நாரி உளையும், அதுக்குப் பிறகு பல்லுக் கிட்டி ஆள் பாயோடு பாயாகச் சுருண்டுவிடும். அன்றைக்கு வெயில் சாய்ந்தது, வள்ளங்கள் கரைக்கு வந்தன, கோயிலில் செபமாலைக்கு மணியும் அடித்தது, மனிசன் வாசலில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவன் பெண்சாதி யூலிற்றா குசினிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மீன் வாங்க வந்தவள் மாதிரித் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாய், விலை சரிவராட்டி விட்டிட்டுப் போ என்று அவன் பகிடி விட்டான். அவன் பகிடி விட்டுக் கனகாலம். அவளுக்குக் கண் கலங்கிப்போயிற்று. மடு மாதாவே, இப்பிடியே வைச்சிரு என்று அந்த இடத்திலேயே நேர்த்தி வைத்தாள். பாவி மனிசி, என்ன கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அளம்பில் என்ற அந்த ஊர்க் கரையில் காய்ச்சல் எவருக்கும் புதினமில்லை. மாரி வந்தால் மலேரியா வீட்டுக்கு வீடு போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும். அல்பேர்ட்டுக்கு முதலில் களைப்பு வந்து, வயிற்றில் இடது பக்கம் விலாவுக்குக் கீழே கல்லு மாதிரி ஏதோ திரண்டபோது, மலேரியாவில் மண்ணீரல் வீங்கியிருக்கு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். குளிசை விழுங்கினான், பிறகும் விழுங்கினான். கல்லு கரையவில்லை. மூக்கால் இரத்தம் ஓடத் தொடங்கிய பிறகுதான் வெளியே போகப் பாஸ் எடுத்து, மன்னார்ப் பக்கத்தால் சுற்றி, இயக்கம், ஆமி என்று இரண்டு பக்கத்துச் சோதனைகளையும் தாண்டி வவுனியாவுக்குப் போனார்கள். அங்கேயிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்துவிட்டு இரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

அதிலும் ஆருக்கும் வராத ஒரு வகை. கண்ணாடியில் வைத்துப் பெருப்பித்துப் பார்த்தால் அந்தக் கெட்ட கலங்களைச் சுற்றி மயிர் முளைத்த மாதிரித் தெரியுமாம். இந்தக் கதை எப்படியோ ஊருக்குள் வந்துவிட்டது. யூலிற்றா தலையை விரித்துப்போட்டுச் சமைக்கிறவள், அந்த மயிர்தான் சோத்தோடு போய் இரத்தத்தில் கலந்துவிட்டது என்று கிணத்தடியில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். யூலிற்றா அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அதற்குப் பிறகு தலைக்குச் சீலை கட்டாமல் அவள் அடுப்படிக்குப் போனதில்லை.

மருந்தைப் பற்றி வவுனியாவில் அவர்களைப் பார்த்த டொக்டர் ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்தினார். இளம் ஆள், ஆனால் கதையில் அவசரமில்லை.

"அல்பேர்ட், உங்களுக்குச் சும்மா தடிமன் காய்ச்சல் வருகுதெண்டு வைப்பம். கிருமி போய் ஒரு கலத்துக்குள்ள பூந்தவுடன அந்தக் கலம் சாகமுதல் ஒரு சாமானை வெளியில விடும். 'கள்ளன் வந்திட்டான், கதவைப் பூட்டுங்கோ' எண்டு அயலுக்குக் கத்துற மாதிரி. அந்தச் சாமானுக்குப் பேர்தான் இன்டபெரோன். அதைத்தான் நாங்கள் ஊசியில தாறம்."

"அப்ப கள்ளன்?" என்று அல்பேர்ட் கேட்டான்.

"கள்ளன் இல்லை. வெறுங் கூப்பாடுதான். ஆனா அந்தக் கூப்பாடு கேட்டால் உங்கட கெட்ட கலங்கள் பெருகிறதை நிப்பாட்டும். உடம்பில காவலுக்கு நிக்கிற கலங்களும் முழிச்சுக்கொள்ளும். மெல்ல மெல்ல அந்தக் கல்லு கரையும். ஒரு வருசத்துக்குக் கிட்டப் போடவேணும். ஒண்டு, கூப்பாட்டை உடம்பு உண்மையெண்டு நம்பும். நடுங்கும், காயும், மூட்டெல்லாம் நோகும். பயப்பிடாதேங்கோ. அது மருந்து வேலை செய்யிற சத்தம். போகப் போக உடம்பு பழகிக் காய்ச்சல் குறையும்."

கடைசியாகச் சொன்னதைத்தான் யூலிற்றா நெஞ்சுக்குள் முடிந்துகொண்டு வந்தாள். காய்ச்சல் குறையும்.

மருந்து பிரான்ஸிலிருந்து அல்பேர்ட்டின் தமக்கை அனுப்புகிறது. அது வந்து இறங்குகிற இடம் வவுனியாவில் மீராசாகிபுவின் வீடு. மீராசாகிபு முல்லைத்தீவு ஆள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனம் எல்லாம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட வேண்டி வந்தபோது அவரும் மனைவி ஜொஹறாவும் வெளிக்கிட்டு, கடைசியில் வவுனியாவில் ஒதுங்கினவர்கள். அதற்கு முன்னம் அல்பேர்ட் பிடிக்கிற மீனும் றாலும் அவருக்குத்தான் போகும். அல்பேர்ட்டுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டதும், எங்கட பிறிட்ஜ் இருக்கு, மருந்தை இஞ்ச வைச்சு வைச்சு எடுங்கோ என்று தானாகச் சொல்லிவிட்ட மனிசன். ஜொஹறா பிறிட்ஜில் ஒரு தட்டையே அதுக்கென்று ஒதுக்கிவிட்டாள். சின்னக் கண்ணாடிப் போத்தில்கள், உள்ளே பச்சைத்தண்ணி மாதிரி மருந்து.

முதல் முறை யூலிற்றா அதைக் கொண்டு வந்தது சுடுதண்ணிப் பிளாஸ்குக்குள், நாலைந்து ஐஸ் துண்டோடு. வரிசையில் காத்து நின்று, பெட்டி படுக்கை அவிழ்த்துக் காட்டி, பஸ்ஸிலும் உழவு மெசினிலும் குலுங்கி வீடு வந்து சேர ஐஸ் தண்ணியாகி அந்தத் தண்ணியும் வெதுவெதுப்பாகிவிட்டது. வழியெல்லாம் அவளுக்கு உயிர் இல்லை. ஆனால் மருந்து பழுதாகவில்லை. கமலாசனி மிஸி, அதுதான் அளம்பில் மருந்தகத்துத் தாதி, ஊசி போடப் பழக்கிவிட்டாள், யூலிற்றா தன் கையாலேயே அவன் தொடையில் போட்டாள், அன்று பின்னேரமே காய்ச்சல் வந்து மனிசனைப் பிரட்டி எடுத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அதே கூத்து. கிடக்கிற போர்வை, சீலை, சாக்கு எல்லாத்தையும் அவன் மேல் போட்டு, அதுக்கு மேல் தானும் படுத்து அமத்திப்பிடிப்பாள். அவன் நடுங்கினால் அவளுக்கும் பல்லு அடிக்கும். இந்த மருந்தே ஆளைக் கொண்டுபோய்விடுமோ என்று எத்தனை தரம் நினைத்தாள் என்று அவளுக்கும் மாதாவுக்கும்தான் தெரியும். இருந்தும் ஈஸ்டர் வர முன்னமே அந்தக் கல்லு கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. விரலால் அமத்திப் பார்த்துக் கமலாசனி மிஸியும் ஓம் என்றாள்.

இரண்டாம் முறை மருந்தெடுக்கப் போனபோது, நானா என்று அவள் அண்ணன் முறைக்குக் கூப்பிடுகிற மீராசாகிபுவிடம் பிளாஸ்க் கதையைச் சொல்லி அழுதாள். இனிக் கோடை, வழியில் இன்னும் வெக்கை, மருந்து அவிஞ்சு போனால் நான் என்ன செய்வன் நானா என்று.

மீராசாகிபு சிரித்தார். இதுக்குப் போய் அழுறியா புள்ள என்றவர், சந்தைக்கு ஆளனுப்பி மீனுக்கு ஐஸ் போடுகிற வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்று எடுப்பித்தார். ஐஸை நொறுக்கிப் பரப்பினார், போத்தில்களைப் பொலித்தீனில் சுற்றி நடுவில் வைத்தார், மேலே திரும்ப ஐஸ். பிறகு ஜொஹறாவிடம் கல்லுப்பு வாங்கி இரண்டு கை அள்ளி, கோழிக்கு அரிசி எறிகிற மாதிரி மேலாலே வீசினார். கொழும்புக்குப் போகிற பெரிய றாலுக்கு அவர் அப்படித்தான் செய்கிறவர். உப்புப் பட்டால் ஐஸின் குளிர் இன்னும் ஏறும், றால் கல்லு மாதிரி இறுகும், நாலு நாளானாலும் நாறாது. இது அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வேலை. அல்பேர்ட்டின் வாழ்நாளில் உப்புப் போட்ட ஐஸில் வைத்து எதுவும் கெட்டதில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது போத்தில்கள் கல்லாக இருந்தன. யூலிற்றாவுக்கு அப்பாடா என்று இருந்தது. குசினி மூலையில் மணலைக் கிண்டிப் பெட்டியைத் தாட்டு, மேலே நனைத்த சாக்கைப் போட்டாள். முல்லைத்தீவிலிருந்து ஐஸ் வருகிற நேரம் பார்த்து வாங்கி, உப்பும் போட்டு, மீன் காவலை விடக் கவனமாகக் காத்தாள். ஊசி போடுகிற நாளில் ஒரு போத்திலை எடுத்து இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து, அது இளகுமட்டும் 'அருள்நிறைந்த மரியே' செபம் ஒன்று சொல்லுவாள்.

அந்தப் பெட்டி வந்த பிறகுதான் காய்ச்சல் நின்றது.

மனிசன் எழும்பி நடந்தான். சோறு இறங்கியது. சோழகக் காற்றுத் தொடங்கிக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. கடலுக்கு வேண்டாம், நேவி சுடுவான் என்று அவள் மறித்ததால் நாயாற்றுக் களப்பின் ஆழமில்லாத தண்ணியில் கூடு கட்டி றால் பிடிக்கப் போனான். ஒரு நாள் ஒரு சட்டி றாலோடு வந்து, நீயே காய்ச்சு, தலைச்சீலையை அவிட்டுப்போட்டுக் காய்ச்சு, எனக்கு இனி மயிருக்குப் பயமில்லை என்றான். வீடு முழுக்கச் சிரிப்பு. வானத்தில் வண்டு என்று சனம் சொல்லுகிற வேவு விமானம் இரைந்துகொண்டு திரிந்தது. அதைக்கூட ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

கமலாசனி மிஸி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு வருகிற வழி. அல்பேர்ட் களப்புக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு நின்றான். யூலிற்றாவுக்கு முதல் நாள் கஞ்சி கொட்டிக் கை வெந்திருந்தது. மிஸி, இண்டைக்கு நீங்களே போட்டுவிடுங்கோ என்று கேட்டாள். மிஸி கையைக் கழுவி, சாக்கை விலத்தி, பெட்டிக்குள் கையை விட்டாள். எடுத்த போத்திலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மெல்லத் தட்டினாள், திரும்பவும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யூலிற்றா அக்கா, இஞ்சால வாங்கோ."

மிஸியின் குரல் மாறியிருந்தது. இரண்டு பேரும் குசினிக்குப் பின்பக்கம் போனார்கள்.

"இது எவ்வளவு காலமா இப்பிடிக் கட்டியா இருக்கு?"

"மீராசாகிபு நானா தந்த நாளிலயிருந்து. உப்புப் போட்டிருக்கு மிஸி. அதான் நல்லாப் பிடிச்சிருக்கு."

மிஸி கையில் இருந்த போத்திலைத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, நான் பிள்ளையளுக்குப் போடுற மருந்திலயும் ரெண்டு சாதி இருக்கு. போலியோச் சொட்டு உறைஞ்சாலும் ஒண்டுமில்லை. முக்கூட்டு ஊசி மருந்து உறைஞ்சால் செத்துப்போம். பாக்க ஒண்டும் தெரியாது, தண்ணி மாதிரித்தான் இருக்கும். ஆனா உள்ளுக்கு ஒண்டுமில்லை. இது எந்தச் சாதி எண்டு எனக்குத் தெரியேல்ல."

"டொக்டர் குளிரில வைக்கச் சொன்னவர்."

"குளிர் வேற, உறையிறது வேற அக்கா. காய்ச்சல் வாறதோ அவருக்கு?"

யூலிற்றா எட்டிப் பார்த்தாள். முன்வாசலில் அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு றால் போடுகிற பறியைத் தேடிக்கொண்டிருந்தான்.

"அது... டொக்டர் சொன்னவர் மிஸி, போகப் போகக் குறையும் எண்டு."

"ஓம். பழகியும் நிக்கும். மருந்து செத்தாலும் நிக்கும்," என்றாள் கமலாசனி மிஸி. "எதெண்டு டொக்டரைத்தான் கேக்கவேணும்."

கேட்கப் போகப் பாதை இல்லை. ஆனி மாதம் தொடங்கினதும் சோதனைச்சாவடியைப் பூட்டினவர்கள் திறக்கவேயில்லை. இண்டைக்குத் திறப்பான், நாளைக்குத் திறப்பான் என்று சனம் மூட்டை முடிச்சோடு மர நிழல்களில் கிடந்து, அலுத்துத் திரும்பி வந்தது. அந்த நாட்களில் யூலிற்றா பட்ட பாட்டை என்னென்று சொல்ல. சோறு வைத்தால் உலை பொங்கி அடுப்பு அணையும், அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். பெட்டிக்கு இனி உப்புப் போடவில்லை. ஆனால் போத்தில்கள் அதே போத்தில்கள்தானே. உயிரோடு இருக்கோ செத்துப்போச்சோ என்று தெரியாத மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவன் தொடையில் ஏற்றிவிட்டு, பின்னேரம் முழுக்க அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். குளிரக் கூடாதா? ஒருக்கால் நடுங்கக் கூடாதா? அவன் நல்லாய் இருந்தான். நல்லாய் இருக்க இருக்க அவளுக்குக் குலை நடுங்கியது. அவன் நித்திரையாகிக் கிடக்கிற மத்தியானங்களில் விலாவுக்குக் கீழே கையை வைப்பாள். வளர்ந்திருக்கு என்று ஒரு கை சொல்லும், இல்லை என்று மற்றக் கை சொல்லும்.

அவனிடம் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல? பாட்டுப் பாடிக்கொண்டு பறியைத் தூக்குகிறவனிடம், நீ சுகமாகவில்லை என்று எந்த வாயால் சொல்லுகிறது?

கடைசியில் ஒரு கெளிறு சொல்ல வைத்தது. கூட்டுக்குள் றாலோடு நின்ற கெளிற்றைப் பிடித்து எறியப் போய் முள்ளு அவன் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கெளிற்று முள்ளு குத்தாத மீன்பிடிகாரன் இல்லை. சுடுசாம்பல் வைத்துக் கட்டினால் ஒரு பகல் நோகும், பிறகு மறந்துபோகும். இவனுக்குக் கை மணிக்கட்டு மட்டும் வீங்கிச் சிவந்து, பிறகு முழங்கை மட்டும் போனது. கமலாசனி மிஸி ஓடி வந்து கையிருப்பில் இருந்த ஊசி மருந்தைப் போட்டாள். இவருக்கு எதிர்த்து நிக்கிற கலம் இரத்தத்தில காணாது அக்கா, சின்னப் புண்ணே பெரிய கதையாய்ப் போம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யூலிற்றா பாயின் கரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸ், உப்பு, கல்லான போத்தில், மிஸி சொன்னது. சொல்லச் சொல்ல அவள் பார்வை நிலத்தில்தான் நின்றது.

அல்பேர்ட் வீங்கின கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தான்.

"நீ எனக்குச் சொல்லேல்ல."

"பயத்தில சொல்லேல்ல. நீங்கள் சுகமாகிட்டன் எண்டு சந்தோசமா இருந்தனீங்கள்."

"நானும் உனக்குச் சொல்லேல்ல யூலி," என்றான் அவன். "களப்பில தோணிச் சவள் வலிக்கேக்க இடையில நிப்பாட்டி நிப்பாட்டித்தான் வலிக்கிறனான். மூச்சு வராது. போன கிழமை மூக்கால இரத்தமும் வந்தது. தண்ணியில கழுவிப்போட்டு வந்தனான். காய்ச்சல் இல்லைத்தானே, அப்ப சுகந்தான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டனான்."

அவள் அவனுடைய மற்றக் கையைப் பிடித்தாள். சாகிறதுக்குப் பயமாய்க் கிடக்குது யூலி என்று அவன் சொன்னான். கலியாணம் கட்டின நாளிலிருந்து, கிபிர் விமானங்கள் குண்டு போட்ட நேரங்களில்கூட, அவன் வாயால் அந்தச் சொல் வந்ததில்லை.

ஆடி பாதியில் பாதை திறந்தது. அவனைப் பயணத்துக்கு அசைக்க ஏலாது. மிஸியிடம் அவனை ஒப்படைத்துவிட்டு யூலிற்றா தனியாகப் போனாள். டொக்டர் கேட்டுவிட்டு மேசையில் பேனாவை வைத்தார்.

"ஐஸுக்குப் பக்கத்தில இருக்கலாம் அக்கா, ஐஸாகக் கூடாது. உறைஞ்சால் அதின்ர அமைப்புக் குலைஞ்சு போம். அவிச்ச முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்கேலாதெல்லே. நீங்கள் இவ்வளவு நாளும் போட்டது வெறுந் தண்ணி."

"அப்ப அவருக்கு...?"

"திரும்ப முதல்ல இருந்து தொடங்கவேணும். அந்த வருத்தம் மெல்ல வளருற வருத்தம், அது உங்கட அதிஷ்டம். கையில இருக்கிற புண்தான் எனக்குப் பயம். அதுக்கு வேற மருந்து எழுதித் தாறன். பிந்தாதேங்கோ."

மீராசாகிபுவுக்கு இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவர் உப்புச் சட்டியோடு வந்து நின்றார். வேண்டாம் நானா என்று அவள் கையைப் பிடித்து மறிக்க, ஏன் புள்ள என்று அவர் கேட்க, சொல்ல வேண்டி வந்துவிட்டது. மனிசன் அப்படியே படியில் இருந்துவிட்டார். நான்தானே வீசினேன், என் கையாலதானே வீசினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜொஹறாதான் சட்டியை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு ஐஸை ஒரு பையில் இறுக்கிக் கட்டி, துவாயால் இரண்டு சுற்றுச் சுற்றி, மருந்து அதில் முட்டாமல் நடுவில் இன்னொரு துவாயை மடித்து வைத்தாள். வழியில ஒவ்வொரு இடத்திலயும் திறந்து பாரு மகள், குளிரட்டும், கட்டியாக விடாதே என்றாள். யூலிற்றா அதேபோலத் திறந்து திறந்து பார்த்தாள். சோதனையில் ஒரு ஆமிக்காரப் பொடியன் பெட்டியைக் கவிழ்க்கப் போக, டொக்டர் எழுதித் தந்த துண்டைக் காட்டி அவள் அவன் காலில் விழாத குறை.

வீட்டுக்கு வந்தபோது அல்பேர்ட்டின் கை வீக்கம் முழங்கைக்கு மேலே ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அதுவே பெரிய காரியம் என்றாள் கமலாசனி மிஸி. புண்ணுக்கு எழுதித் தந்த மருந்தை ஏற்றிவிட்டுத்தான் போனாள். அந்த மருந்தால் இரண்டு நாளில் வீக்கம் மணிக்கட்டுக்கு இறங்கியது. உடம்புச் சூடும் விட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் யூலிற்றா புதுப் போத்திலை எடுத்தாள். தண்ணியாக இருந்தது. குலுக்காமல் உறிஞ்சி, தொடையில் போட்டாள்.

பிறகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்ந்தது. கரையில் ஆரோ தோணி இழுக்கிற சத்தம் கேட்டது. அவள் பாயில் இருந்தாள், அவன் கிடந்தான், இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தார்கள். பழைய நேரம் வந்து கழிந்தது. ஒன்றும் இல்லை. வழியில் எங்கேயோ உறைந்துவிட்டதோ, இல்லாவிட்டால் வெக்கையில் அவிந்துவிட்டதோ? நான் நித்திரையான நேரத்திலோ? அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"வருகுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றான் அவன்.

விளக்கு வைக்க எழும்பினாள். நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்கும்போது பின்னால் அவன் குரல் கேட்டது.

"யூலி, விரல் குளிருது."

ஓடி வந்து பிடித்தாள். குளிர்ந்துதான் இருந்தது. அவள் நம்பவில்லை. தன் விரல்தான் குளிர்கிறதோ என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அதற்குள் அவனுக்கு நாரி உளைந்து, முழங்கால் மடிந்து, பல்லுக் கிட்டத் தொடங்கியது. போர்வை, சீலை, சாக்கு எல்லாம் இழுத்துப் போட்டாள். மேலே தானும் விழுந்து அமத்தினாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது.

"சிரி... சிரிக்கிறாய்," என்றான் அவன் பல்லடிக்கிற இடைவெளியில்.

"ஓம்."

"இன்னும் ஒரு வருசமோ?"

"ஓம். ஒரு வருசம்."

அவன் நடுங்க நடுங்க அவளும் நடுங்கினாள். போர்வைக்குள்ளால் கையை விட்டு இடது விலாவுக்குக் கீழே தொட்டாள். கல்லு அங்கேதான் கிடந்தது, முதலில் இருந்ததை விடப் பெரிசாக. அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவன் தோளில் நடுக்கம் தளர்ந்தது, பல்லடிக்கிற சத்தம் நின்று நின்று கேட்டது, மூச்சு நேரானது. யூலிற்றாவுக்குத் திரும்பவும் பயம் பிடித்துக்கொண்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் நடுங்குங்கோ," என்றாள்.